முதல் வீடு

"திருமணம் எப்போது?" என்று சிங்கப்பூர் இளையர் ஒருவரிடம் கேட்டால், "வீடு கிடைத்த பிறகு" என்ற பதில் வருவது அரிதன்று. 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் வாழ்கின்றனர். முதன்முறையாக வீடு வாங்குவோர் தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் புதிய வீட்டிற்கு விண்ணப்பிக்கலாம். அல்லது பிறர் குடியிருந்த வீட்டை மறுவிற்பனைச் சந்தையில் வாங்கலாம்.

புதிய வீட்டின் விலை குறைவு. ஆனால், அது குலுக்கலில் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் கட்டி முடிக்கப் பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மறுவிற்பனை வீட்டில் சில மாதங்களில் குடியேறிவிடலாம். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தொலைவுக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பத்திற்கு 20,000 வெள்ளி மானியமும் உண்டு. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குச் செல்ல நினைப்போருக்கு அந்த மானியத்தைவிட அந்த 4 கிலோமீட்டரே பெரிது.

மறுவிற்பனை வீட்டைப் பார்க்கச் செல்லும்போது பெரியவர்கள் வாசல் எந்தத் திசை நோக்கியிருக்கிறது என்று கேட்பார்கள். இளையர்கள் எம்ஆர்டி நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். இருவருமே குளியலறையின் கூரையை நிமிர்ந்து பார்க்க மறந்துவிடுவதுண்டு. அங்கே மஞ்சள் கறை படிந்திருந்தால் மேல்வீட்டிலிருந்து நீர் கசிகிறது என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்ந்தே உரியது. கூரையில் காரை உப்பியிருந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்திருக்கலாம். காலையில் பார்த்த வீட்டை மாலை நான்கு மணிக்கு மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மேற்கு வெயில் படுக்கையறைச் சுவரைச் சுடுவது அப்போதுதான் தெரியும். இரவில் ஒருமுறை சென்றால், கீழே உள்ள காப்பிக்கடையின் இரைச்சல் எத்தனையாவது மாடிவரை கேட்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் குத்தகைக் காலம் 99 ஆண்டுகள். 1976இல் குத்தகை தொடங்கிய வீட்டிற்கு 2026இல் எஞ்சியிருப்பது 49 ஆண்டுகளே. 28 வயதுத் தம்பதியர் அதை வாங்கினால், அவர்களுடைய 77ஆம் வயதில் குத்தகை முடிந்துவிடும். வாங்குவோருள் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடிக்காவிட்டால், மத்திய சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறையும். பிற்காலத்தில் அவ்வீட்டை வாங்க வருபவரும் இதே கணக்கைத்தான் போடுவார். அப்போது ஆண்டுகள் இன்னும் குறைந்திருக்கும். விசாலமான பழைய வீடு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் நடப்பில் உள்ளது. ஒரு புளோக்கில் இந்தியர்க்கும் பிற இனத்தவர்க்கும் உரிய விகிதம் நிரம்பிவிட்டால், இந்தியக் குடும்பம் அங்கே அதே பிரிவைச் சேர்ந்த விற்பனையாளரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். வீட்டைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகு இதை அறிந்துகொள்வது வேதனை. முன்னரே இணையத்தில் சரிபார்த்துவிடலாம்.

கடைசியாக விலை. பேரம் முடிந்ததும், வீட்டை வாங்கும் உரிமையைத் தரும் ஆவணத்தை விற்பவர் தருவார். அதற்கு அதிகபட்சம் 1,000 வெள்ளி கட்டணம் கொடுக்கலாம். வீட்டின் மதிப்பீடு அதற்குப் பின்னரே தெரியவரும். பேசிய விலை 560,000 வெள்ளி, மதிப்பீடு 540,000 வெள்ளி என்றால், இடையிலுள்ள 20,000 வெள்ளியைக் கடனாகவோ சேமநிதியிலிருந்தோ பெற முடியாது; முழுவதும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லாதவர் பின்வாங்கலாம், ஆனால் கொடுத்த கட்டணம் திரும்பக் கிடைக்காது. இதை முடிவு செய்ய அவருக்கு இருப்பது 21 நாள்கள். கடைசி நாள் மாலை 4 மணியோடு அந்த உரிமை காலாவதியாகிவிடும்.