ஆறாத புண்ணும் பதினான்கு நாள் கணக்கும்

அவசரமாகச் சாப்பிடும்போது கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்ட அனுபவம் உங்கள் எல்லோருக்கும் இருக்கும். முதல் நாள் எரியும். மறுநாள் அந்த இடம் சற்றே வீங்கி நிற்பதால் திரும்பவும் அதையே கடித்துக்கொள்வோம். ரசம் பட்டால் சுரீர் என்கிறது. நான்கைந்து நாட்களில் வலி குறைந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் புண் எங்கே இருந்தது என்று நாக்கால் தேடினாலும் அகப்படாது. முழங்காலில் பட்ட காயம் தழும்பை விட்டுச் செல்கிறது. வாயில் பெரும்பாலும் அதுகூட மிஞ்சுவதில்லை.

வாய்ப்புண் இவ்வளவு விரைவில் ஆறுவது ஏன்? அதைத் தெரிந்துகொண்டால், எந்தப் புண்ணுக்கு டாக்டரிடம் போக வேண்டும், எதற்குப் போக வேண்டாம் என்பதும் விளங்கிவிடும். இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,43,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டிருப்பதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. உலக முழுவதற்குமான எண்ணிக்கையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வாயோ கண்ணாடியில் பார்க்கக்கூடிய உறுப்பு. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கட்டி தாமதமாகத் தெரிவதில் வியப்பில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வருவதை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோமே, அதுதான் வியப்பு.

அடியிலிருந்து மேலே

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பல் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, மெத்திலீன் நீலச் சாயம் இட்டு, நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். தட்டையான செல்கள் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளியாக உட்கரு. அந்தச் செல்கள் அவ்வளவு எளிதாகக் குச்சியோடு வந்துவிட்டது எப்படி? அவை எப்படியும் உதிரப்போகும் செல்கள். நீங்கள் சுரண்டாவிட்டால் சோற்றோடும் உமிழ்நீரோடும் விழுங்கப்பட்டிருக்கும்.

வாயின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசு பல அடுக்குகளால் ஆனது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு வரிசைச் செல்கள் மெல்லிய சவ்வு ஒன்றின் மேல் நிற்கின்றன. இதை அடித்தளச் சவ்வு என்கிறோம். பிரிந்து பெருகும் வேலை அந்த அடி வரிசையில்தான் நடக்கிறது. புதிய செல்கள் பிறக்கப் பிறக்க, பழையவை மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் உதிர்கின்றன. கன்னம், நாக்கின் அடிப்பக்கம் போன்ற மென்மையான இடங்களில் இந்தப் பயணம் முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். இடத்துக்கு இடம் சில நாட்கள் கூடலாம். வெளித் தோலுக்கு இதே வேலைக்கு நான்கு வாரமாவது தேவை.

ஆகவே கடித்த புண்ணோ, சூடான காப்பி பட்ட புண்ணோ, உடைந்த பல்லின் முனை உரசி வந்த புண்ணோ எதுவானாலும், காரணம் நீங்கிவிட்டால் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். டாக்டர்கள் சொல்லும் இரண்டு வாரக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. பிரிட்டனில் மூன்று வாரம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் காத்திருக்கச் சொல்பவர் எவரும் இல்லை.

மணத்தக்காளியின் புகழ்

நம் வீடுகளில் வாய்ப்புண் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மணத்தக்காளிக் கீரை. "வயிற்றில் சூடு, அதுதான் வாயில் தெரிகிறது" என்பார் பாட்டி. கீரை சமைத்துப் போடுவார். ஒரு வாரத்தில் புண் ஆறும். கீரைக்குப் பெயர் கிடைக்கும்.

மணத்தக்காளி நல்ல கீரை; சாப்பிடுங்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கீரை சாப்பிடாமல் இருந்திருந்தால் அந்தப் புண் எத்தனை நாளில் ஆறியிருக்கும்? அதே ஒரு வாரத்தில்தான் என்றால், கீரையின் பங்கு எவ்வளவு என்பதை நம்மால் சொல்ல முடியாது. தானே ஆறும் புண்ணுக்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகத் தோன்றும். தேன், நெய், கடையில் வாங்கிய பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, எல்லாம் இந்த வகையில் பெயர் வாங்கியவைதாம்.

இதில் அபாயம் எங்கே வருகிறது? ஐம்பது முறை கீரையால் ஆறியதாக நம்பியவர் ஐம்பத்தோராவது முறையும் அதையே நம்புவார். அந்தப் புண் ஆறாதபோது, "கீரை போதவில்லை" என்று நினைத்து வேறு மருந்துக்கு மாறுவார். பிறகு இன்னொரு மருந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுத்தாலும் நான்கு மருந்துக்கு இரண்டு மாதம் போய்விடும். கைவைத்தியம் செய்யட்டும், தடையில்லை. ஆனால் புண் தெரிந்த முதல் நாளிலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மருந்தை மாற்றும்போதெல்லாம் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது.

முப்பது முறை இரட்டித்தல்

இரண்டு வாரம் காத்திருக்கலாம் என்றால், அது புற்றுநோயாகவே இருந்துவிட்டால் அந்த இரண்டு வாரமும் நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றிலுள்ள பொருள்கள் ஆண்டுக்கணக்கில் அடி வரிசைச் செல்களைத் தாக்கி, அவற்றின் மரபுப் பொருளைப் பழுதாக்குகின்றன. கட்டுப்பாடு இழந்த ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருப்பதாகக் கொள்வது வழக்கம். ஒன்று நூறு கோடியாக எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்? முப்பது முறை. போட்டுப் பாருங்கள். உண்மையில் பல செல்கள் இடையில் இறந்துபோவதால் இன்னும் அதிகமாகவே ஆகும். ஆக, கண்ணில் படும் நாளுக்கு முன்பே அது நெடுங்காலம் வளர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் பதினான்கு நாள் பெரிதல்ல.

இனி மறுபக்கம். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டி இரண்டு சென்டிமீட்டர் ஆக, கன அளவு எட்டு மடங்காக வேண்டும். எட்டு மடங்கு என்பது மூன்றே இரட்டிப்பு! முப்பதுக்குப் பின் வெறும் மூன்று. வாய்ப்புற்றுநோயை டாக்டர்கள் முதல் நிலை என்று சொல்வதற்கு இரண்டு சென்டிமீட்டர்தான் எல்லை. ஆழமும் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எனவே பார்த்த பிறகு வீணாகும் மாதங்கள்தாம் விலை உயர்ந்தவை. அந்த மாதங்களில் கெட்ட செல்கள் அடித்தளச் சவ்வைத் தாண்டி ஆழமாக இறங்கி, நிணநீர் வழியாகக் கழுத்திலுள்ள நெறிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. தொடக்க நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பின் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். கழுத்து நெறிக்குப் பரவிவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

வலி சொல்லும் பொய்

காத்திருப்பவர்களில் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வலிக்கவே இல்லையே!"

தேர்வுக் காலத்தில் உதட்டின் உட்புறத்தில் வரும் சின்ன வெள்ளைப் புண் எவ்வளவு வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே மேல்திசு அழிந்து, அடியிலுள்ள நரம்பு நுனிகள் திறந்து கிடக்கின்றன. புற்றுநோயில் தொடக்கத்தில் நடப்பது வேறு. அங்கே செல்கள் கூடுகின்றன. நரம்புகள் மூடப்பட்டே இருக்கின்றன. அதனால்தான் பல தொடக்க நிலைப் புற்றுகள் வலிப்பதில்லை. வலி வருகிறபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது. சில வேளைகளில் வலி வாயில் தோன்றாமல் காதில் தோன்றும். வாய்க்கும் காதுக்கும் போகும் நரம்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதே காரணம்.

ஆகவே வலியை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்யூரில் கண்டது

வெற்றிலை பாக்கு, புகையிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக் என்ற அறுவை மருத்துவர் 1902இலேயே இதைப் பற்றி எழுதினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பெண்டால் என்ற டாக்டர் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களை 1908இல் வெளியிட்டார். அதே பகுதியில் வெற்றிலை போடுவோருக்கு வந்த வாய்ப்புற்றுநோயை ஆராய்ந்து ஆர் என்பவர் 1933இல் கட்டுரை வெளியிட்டார். தாம்பூலத்தை எந்தப் பக்கம் ஒதுக்கி வைக்கிறார்களோ அந்தப் பக்கத்துக் கன்னத்திலேயே நோய் வருவதை இன்றும் டாக்டர்கள் காண்கிறார்கள்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வாசனைப் பாக்குதான்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்தது. பாக்கு இன்னொரு தீங்கும் செய்கிறது. கன்னத்தின் மேல்திசுவுக்கு அடியில் நார்நாராகத் திசு பெருகி, கன்னம் விறைத்து, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் இருக்கும். இந்நிலை வந்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். பாக்கை நிறுத்தினாலும் இறுகிப்போன கன்னம் முழுதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இது முதியோர் நோய் என்று எண்ண வேண்டாம். பதின்ம வயதினரிடமும் காணப்படுகிறது. பளபளப்பான உறையில் இனிப்புப் பாக்கு விற்பவர்கள் யாரை மனத்தில் வைத்து அதில் இனிப்பைச் சேர்க்கிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்படி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே நிறுத்துங்கள். அவரவர் வாயில் அவரவர் விரல் மூன்றும் நுழைய வேண்டும். இரண்டே விரல்தான் நுழைகிறது என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது

உங்கள் வயதில் வாய்ப்புற்றுநோய் மிக அரிது. நீங்கள் பார்க்க வேண்டியது வீட்டுப் பெரியவர்களின் வாயை; அதுவும் வெற்றிலை, புகையிலை, பீடி, மது ஆகிய பழக்கம் உள்ளவர்களின் வாயை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களும் இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பதின்மூன்று ஊராட்சிகளில், 35 வயதைக் கடந்த சுமார் 1,90,000 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். சில ஊராட்சிகளில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். மற்ற ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது. முடிவு 2005இல் வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அத்தகைய பலன் தெரியவில்லை.

பார்க்கும் முறை எளிது. பொய்ப்பல் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் அமர்த்தி, உதட்டைப் புரட்டி, இரு கன்னங்களையும் இழுத்து, நாக்கை இருபுறமும் திருப்பி, அதன் விளிம்பையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஆறாத புண், தொட்டால் கட்டியாக இருக்கும் விளிம்பு, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு ஆகியவை கவனிக்க வேண்டியவை. வெள்ளையைவிடச் சிவப்பு அரிது, ஆனால் அபாயம் அதிகம். காரணமின்றி ஆடும் பல், மரத்துப்போன உதடு, கழுத்தில் கரையாத நெறி ஆகியவையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. காரணமில்லாமல் இரத்தம் கசிந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலோ பதினான்கு நாள் கணக்கு செல்லாது. அன்றே போக வேண்டும்.

முதன்முறை கண்ணாடியில் நாக்கை வெளியே நீட்டிப் பார்ப்பவர்கள் அதன் பின்பகுதியில் வரிசையாக இருக்கும் பெரிய மொட்டுகளைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. அவை சுவை மொட்டுகள் அமைந்த இயற்கையான மேடுகள். இருபுறமும் ஒரே மாதிரி இருப்பது பெரும்பாலும் இயற்கை. ஒரு பக்கம் மட்டும் இருப்பதையே இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

டாக்டரின் அறையில்

தாத்தாவிடம் சொன்னால், "அது பல் குத்துகிறது, தானாகப் போய்விடும்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அவரோடு வாதாட வேண்டாம். "தாத்தா, இது பொங்கலுக்கு முன்பே இருந்ததே?" என்று மட்டும் கேளுங்கள். நாளைச் சொன்னால் மறுக்க முடியாது. முதலில் பல் மருத்துவரிடம் போனால் போதும். வாயை நாள்தோறும் பார்ப்பவர் அவர்தான். அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. பல் குத்துவதே காரணம் என்று தோன்றினால் அவர் அந்த முனையைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார். அப்போதும் ஆறாவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். கெட்ட செல்கள் அடித்தளச் சவ்வைத் தாண்டியிருக்கின்றனவா என்பது நுண்ணோக்கியின் கீழ் தெரிந்துவிடும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது எப்படி வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்தவர்கள் சதைச் சோதனைக்குப் பின் சில மாதங்களில் இறந்தார்கள். பார்த்தவர்கள் கத்தியைக் காரணமாக்கினார்கள். மணத்தக்காளிக்குப் புகழ் வந்ததும் கத்திக்குப் பழி வந்ததும் ஒரே வழியில்தான்.

சோதனையில் புற்று இல்லை என்று வந்தாலும், வெள்ளைத் திட்டு உள்ளவரை டாக்டர் சில மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்வார். திட்டு மாறாமல் இருக்கிறதா, தடிக்கிறதா என்று பார்க்கத்தான். தாத்தா அந்தத் தேதியை மறந்துவிடுவார். வீட்டுத் தினசரி நாட்காட்டியில் அந்தத் தாளை இப்போதே தேடி எடுத்து, பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.