ஊட்டி ஏறிப் பார்த்து வாங்கிய கார்

குன்னூரைத் தொட்டபோது பேட்டரி மீட்டரில் 46 சதவீதம். மேட்டுப்பாளையத்தில் 86 இருந்தது. இடையில் ஓடியது முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். "இது ஊட்டி வரைக்கும் போகுமா, இல்ல தள்ளிட்டுப் போகணுமா?" என்றாள் மனைவி. ஒரு வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்த டியாகோ இவி என்ற மின்கார் அது. 24 யூனிட் பேட்டரி. ஊட்டியில் நிறுத்தியபோது 30 மிச்சம்.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் மேலே தூக்க மட்டுமே ஏழெட்டு யூனிட் வேண்டும். யார் செய்த காராக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நல்ல செய்தி, அதில் பாதியாவது இறங்கும்போது பேட்டரிக்கே திரும்பி வரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது.

அந்த நல்ல செய்தியை நானே கெடுத்துக்கொண்டேன். மேனேஜரிடம் கேட்டு, கீசர் போடும் 16 ஆம்பியர் பிளக்கில் விடிய விடிய ஏற்றி 100 ஆக்கிவிட்டேன். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் கரண்டுக்கு இடம் ஏது? கோத்தகிரி வழியாக இறங்கும்போது முதல் சில மைல் வண்டி இழுத்துப் பிடிக்கவே இல்லை. பிரேக்கை மிதித்து மிதித்துக் கருகல் வாடை. மலையில் தங்கினால் 80-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஷோரூமின் அரை மணி நேர டெஸ்ட் டிரைவில் இதெல்லாம் தெரியாது. வாங்க நினைக்கும் காரை, இல்லாவிட்டால் அதன் தம்பியையாவது, இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். அந்தப் பணம் வீண் போகாது.

எங்களுக்கு ஊட்டி வருஷத்துக்கு ஒரு தடவை. கரூர் மாதத்துக்கு இரண்டு தடவை. அப்பா அம்மா அங்கே. கோவையிலிருந்து போக 130, வர 130. என் அளவுகோல் இந்த 260 கிலோமீட்டர்தான். ஏசி போட்டு, 90–100 வேகத்தில், வழியில் எங்கும் நிற்காமல் போய் வரவேண்டும். இப்படி ஒரு தூரம் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள்.

விளம்பரத்தில் வரும் எண் சோதனைக்கூட எண். 45 யூனிட் நெக்ஸான் மின்காருக்கு 489 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அன்றாட ஓட்டத்தில் 350-ஐ ஒட்டித்தான் கிடைக்கும் என்று அதைச் செய்யும் கம்பெனியே தனியாகச் சொல்கிறது. நான் வைத்துக்கொண்ட குத்துமதிப்பு, எந்தக் காரானாலும் முக்கால் பங்கு. பைபாஸில் விரட்டினால் அதற்கும் கீழே. அந்தக் கணக்கில் 315 போட்ட டியாகோ முதலிலேயே கழன்றது. 38 யூனிட் வின்ட்சர் மின்காருக்கு 332 போட்டிருந்தது. முக்கால் என்றால் 250. பத்து கிலோமீட்டர் உதைத்தது.

வின்ட்சரை விட்டதில் வீட்டில் இன்னும் மனக்குறை. 604 லிட்டர் டிக்கி. பின் சீட்டில் கால் நீட்டி உட்காரலாம். நெக்ஸான் டிக்கி 350 லிட்டர். சார்ஜர் பையை வைத்ததும் ஒரு பெட்டி வெளியே நிற்கும். மின்கார்களில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் சிலவற்றில் பின்பக்கம் தரை உயர்ந்து, முட்டி தூக்கி நிற்கும். அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால் ஒவ்வொரு ஷோரூமுக்கும் அம்மாவைக் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் இருபது நிமிஷம் உட்கார வைத்தேன். விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் பஞ்சர் கிட் மட்டும்தான்.

செலவுக்கு வருவோம். அடுக்குமாடியில் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு லைன் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்க நாலு மாசம் ஆனது. கார் புக் செய்யும் முன் இந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் ஈபியில் லோடு கூட்டிக் கேட்க வேண்டிவரும். தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடும் எனக்கு 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டரை மணி நேரமே போதும்.

யாரும் சொல்லாத ஒன்று, ஈபியின் 500 யூனிட் கோடு. இரண்டு மாதத்துக்கு எங்கள் வீடு 420 யூனிட் எரிக்கும். கார் 370 யூனிட் சேர்த்தது. 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய், மேல்படி விலையும் ஏறியது. பில்லில் சுமார் 3,400 ரூபாய் கூடுதல். அதாவது யூனிட் 9 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 பைசா. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது சார்" என்ற பேச்சை நம்பியிருந்தேன். ஆனாலும் பழைய பெட்ரோல் கார் 7 ரூபாய் தின்றது. மாதம் 1,200 கிலோமீட்டருக்கு வருஷத்தில் எண்பதாயிரத்தை ஒட்டி மிச்சம். பெட்ரோல் மாடலைவிட மூன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்தது திரும்ப நாலரை வருஷம் ஆகும். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் என்னிடம் கேட்டால் பெட்ரோலே வாங்குங்கள் என்பேன்.

வின்ட்சர் 2024-இல் வந்தபோது பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டம் இருந்தது, கார் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50. கரண்ட் காசையும் கூட்டினால் எனக்கு ஐந்து ரூபாய். குறைந்தபட்சக் கிலோமீட்டர் நிபந்தனை உண்டா என்றும் கேளுங்கள். அதேபோல பேட்டரி வாரண்டி முதல் உரிமையாளருக்கு எவ்வளவு, இரண்டாமவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. விற்கப் போகும்போது அதுதான் விலை.

நீண்ட பயணங்களில் பைபாஸ் ஃபாஸ்ட் சார்ஜரை நாடினால் யூனிட் 20 ரூபாய்க்கு மேல். ஒரு தடவை 9 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தால் மெஷினில் "பழுது" என்று காகிதம் ஒட்டியிருந்தது. ஏசியை அணைத்து, லாரிக்குப் பின்னால் ஐம்பதில் ஊர்ந்து அடுத்ததைப் பிடித்தோம். இப்போது 25 இருக்கும்போதே ஒதுங்கிவிடுவேன். இரண்டு சார்ஜிங் ஆப்பில் பணம் போட்டு வைத்திருக்கிறேன். 80 வந்ததும் கழற்றிவிடுவேன். அதற்குமேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும்.

கடைசியில் 45 யூனிட் நெக்ஸான்தான் வந்தது. முதல் தடவை கரூர் வீட்டில் சொருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு. எலக்ட்ரீசியன் அண்ணன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து, "எர்த்தே இல்லீங்களே" என்றார். "இருபது வருஷமா ஃபிரிட்ஜ் ஓடுது, உன் காருக்கு மட்டும் எர்த் கேக்குதா?" என்றார் அப்பா. கிணற்றடியில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கினோம். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் மறுபடி சிவப்பு எரியும். அதனால் நான் வருகிற சனிக்கிழமை காலையில் அப்பா அந்தக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்.