மேடைக்கல் மாறிப்போச்சா? சாயங்காலத்துக்குள் போன் போடுங்க

சைட் சூப்பர்வைசராகவோ இன்டீரியர் ஆபீஸில் ஜூனியராகவோ வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் இது வந்தே தீரும். கிச்சன் மேடைக்குக் கேட்டது ஜெட் பிளாக் கிரானைட். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மேடையில் பழுப்புப் புள்ளி போட்ட கல் உட்கார்ந்திருக்கிறது. சிங்க்குக்கு ஓட்டை வெட்டியாயிற்று, முன்விளிம்பை உருட்டிப் பாலிஷும் போட்டாயிற்று, மேஸ்திரி கூலிக்குக் காத்திருக்கிறார். ஓனர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்று மனசு சொல்லும்.

அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் கடப்பா கல்லின் மேல் சிமென்ட் கலவை போட்டுத்தான் கிரானைட்டை உட்கார வைக்கிறோம். சாதாரண சிமென்ட் இறுதியாக இறுகுவதற்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சபட்ச அவகாசம் 10 மணி நேரம். காலையில் வைத்த கல்லைச் சாயங்காலத்துக்குள் நெம்பி எடுத்தால் முழுசாக வர வாய்ப்பு உண்டு. மறுநாள் எடுத்தால் துண்டாகத்தான் வரும். அதைவிடப் பெரிய செலவு சுவரில் இருக்கிறது. மேடைக்கு மேலே ஒட்டும் டேடோ டைல்ஸின் முதல் வரிசை கல்லின் மேல்தான் உட்காரும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கல்லைக் கழற்றினால் அந்த வரிசையும் உடையும். அதே டைல்ஸ் வாங்கப் போனால் பெட்டியில் இருக்கும் ஷேடு எண் வேறாக இருக்கும். ஒரு தப்பு இரண்டாகும்.

ஆகவே முதல் வேலை, டைல்ஸ்காரரையும் பிளம்பரையும் நிறுத்துவது. இரண்டாவது வேலை, கல் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று உறுதி செய்வது. இதைச் சிரிக்காமல் படியுங்கள். வெட்டும்போது கிளம்பும் தூளும் சேறும் படிந்து காய்ந்தால் கறுப்புக் கல்லே சாம்பல் நிறத்தில் தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளைக் கல் பழுப்படிக்கும். ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, காயவிட்டு, ஓனர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் துண்டைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு போட்டோ: மேடை முழுவதும் ஒன்று, சாம்பிளோடு சேர்த்து ஒன்று, விளிம்பில் டேப் வைத்துக் கனம் தெரிகிற மாதிரி ஒன்று, டெலிவரி சலான் ஒன்று. பலகையின் ஓரத்தில் பெயின்ட்டில் எழுதிய எண் வெட்டுத் துண்டு எதிலாவது மிச்சமிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். குப்பையோடு போய்விடும் சாட்சி அது.

மேஸ்திரியிடம் கத்தாதீர்கள். வண்டியில் எது வந்ததோ அதை அவர் வைத்தார். இறக்கும்போது சரிபார்க்க வேண்டியது ஆபீஸ் வேலை. அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள். கழற்ற வேண்டி வந்தால் அதே ஆள்தான் வந்து நிற்க வேண்டும்.

போனில் என்ன சொல்வது

ஆபீஸுக்கு முதலில் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில். முதலாளி "நான் பார்த்துக்கறேன், ஓனர்கிட்ட இப்ப எதுவும் சொல்லாதே" என்று சொல்லக்கூடும். அப்போது விவாதம் செய்ய வேண்டாம். "சரி சார், ஆனா டைல்ஸ் வேலையை நிறுத்தியிருக்கேன். இன்னைக்கே சொன்னா கல்லு மட்டும்தான் நஷ்டம். ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னா டைல்ஸும் நம்ம தலையில" என்று கணக்கில் பேசுங்கள். கணக்குக்கு மசியாத முதலாளி குறைவு.

ஓனரிடம் பேசும்போது முன்னுரை நீளக்கூடாது. இப்படிச் சொல்லலாம்:

"வணக்கம்மா, சைட்ல இருந்து பேசறேன். கிச்சன் மேடையில நீங்க செலக்ட் பண்ணின கல்லு இல்லாம வேற கல்லு வச்சிருக்காங்க. நான் இப்பதான் பார்த்தேன். மேல வேலை எதுவும் நடக்காம நிறுத்தி வச்சிருக்கேன். போட்டோ அனுப்பறேன். நாளைக்குக் காலையில நேர்ல வந்து பார்க்க முடியுமா? அதுக்குள்ள என்னென்ன வழி இருக்கு, எத்தனை நாள் ஆகும்னு எழுதிக் கொண்டு வர்றேன்."

யார் தப்பு என்று அந்தப் போனில் சொல்லவே வேண்டாம். "கடைக்காரன் ஏமாத்திட்டாம்மா" என்று ஆரம்பித்தால், அடுத்த கேள்வி "அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்று வரும், அதற்குப் பதில் கிடையாது. பேசி முடித்ததும் சொன்னதையே நாலு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு நிற்கும் அந்த நாலு வரி பின்னால் உங்களுக்கே தேவைப்படும்.

எந்த வகைத் தப்பு

இங்கேதான் நிதானம் வேண்டும். கல் மாறினால் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, வைத்தாயிற்று என்பதற்காக விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை.

ரகம் அதே, ஆனால் லாட் வேறு என்றால் பெரும்பாலும் பேசித் தீரும். கிரானைட் பூமியிலிருந்து வெட்டி எடுப்பது. அச்சடித்த மாதிரி இருக்காது. ஆந்திராவில் சீமகுர்த்தியில் வெட்டும் பிளாக் கேலக்ஸியில் பொன்னிறப் பொட்டுகள் ஒரு பலகையில் நெருக்கமாகவும் இன்னொன்றில் சிதறலாகவும் இருக்கும். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோவில் அலையோட்டமே கட்டிக்குக் கட்டி மாறும். இதைச் சாம்பிள் காட்டும்போதே ஓனரிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு வேலை சுலபம். ஆனால் எல் வடிவ மேடையின் ஒரு கை ஒரு லாட்டிலும் மறு கை வேறொரு லாட்டிலும் இருந்தால், மூலையில் நிற்கும் ஜாயின்ட் தினமும் கண்ணை உறுத்தும். அதைக் கழற்றச் சொல்லிக் கேட்க ஓனருக்கு உரிமை உண்டு.

ரகமே வேறு, கல் நல்ல கல் என்றால் முடிவு முழுக்க ஓனருடையது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று நீங்கள் சொல்லக்கூடாது. அவர் சொன்னால் சரி.

சாயம் போட்ட கல் என்றால் யோசிக்கவே வேண்டாம், கழற்றுங்கள். சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயமும் எண்ணெயும் ஏற்றி ஜெட் பிளாக் என்று விற்பது சந்தையில் பழைய வித்தை. வெள்ளைத் துணியில் அசிட்டோனை, அதாவது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை நனைத்து, மேடையின் ஒரு மூலையில் நன்றாக அழுத்தித் தேயுங்கள். பாலிஷ் போடாத அடிப்பக்கத்திலோ வெட்டு முனையிலோ தேய்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். துணியில் கறுப்பு ஒட்டினால் முடிந்தது கதை. புளிக்கரைசலும் எலுமிச்சையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் விழுந்து விழுந்து அந்த மேடை திட்டுத்திட்டாக வெளுக்கும். இன்றைக்குத் தள்ளுபடி கொடுத்துச் சமாளித்தால் வெளுக்கிற அன்று திரும்ப உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கனம் குறைந்த கல்லும் அப்படித்தான். 20 மி.மீ. என்று பில்லில் இருந்து 15 வந்திருக்கும். விளிம்பில் இன்னொரு பட்டையை ஒட்டி உருட்டியிருந்தால் முன்னாலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சிங்க் ஓட்டைக்குள் கையை விட்டு அளக்க வேண்டும். அடியில் கடப்பா தாங்கினால் ஓரளவு நிற்கும். மாடுலர் கிச்சனில் பிளைவுட் பெட்டிகளின் மேல் நேராக வைத்த மெல்லிய கல், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்காக விட்ட இடைவெளியில் தாங்கலில்லாமல் தொங்கும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் முன்னால் மிச்சமாகும் இரண்டு மூன்று அங்குலப் பட்டைதான் எந்த மேடையிலும் முதலில் விரிசல் விடும் இடம். வெட்டு மூலையை வளைவாக எடுக்காமல் மெஷின் பிளேடு ஓடியபடி கூராக விட்டிருந்தால் விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். இவை பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. ஓனர் பெருந்தன்மையாக விட்டாலும் நீங்கள் விடாதீர்கள்.

சிங்க் இடதுபக்கம் வர வேண்டியது வலதுபக்கம் வந்துவிட்டது என்ற ரகத் தப்புக்கு, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த ஆள் யார் என்பதைத் தவிர ஆராய எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இருக்கும் பக்கம்தான் சிங்க். மாற்றுங்கள்.

ஓட்டையைப் பெரிதாக்கினால் போதும் என்ற நிலை வந்தால் ஒரு எச்சரிக்கை. வைத்த இடத்திலேயே உலர்வாக வெட்டாதீர்கள். தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டு வெட்டச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் மேடை என்றால் இது இரட்டிப்பு அவசியம். அந்தத் தூளில் சிலிக்கா மிக அதிகம்; வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்தது. நம் சைட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சூப்பர்விஷன் ஆகாது.

பணக் கணக்கு

கடைக்காரர் முதலில் நீட்டுவது விலை வித்தியாசத்தை. மேடை 40 சதுர அடி, இரண்டு கல்லுக்கும் சதுர அடிக்கு 60 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 2,400 ரூபாய். "அதைக் கழிச்சுக்கங்க சார்" என்பார். ஓனர் காதில் அது அவமானமாக விழும், நியாயமும்கூட. ஏனென்றால் ஒப்பிட வேண்டியது மாற்றும் செலவோடு: புதுக் கல், வெட்டுக்கூலி, விளிம்பு பாலிஷ், வண்டி வாடகை, கழற்றும் கூலி, உடையும் டைல்ஸ், பிளம்பர் இரண்டாவது தடவை வருவது. 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. 40 சதுர அடி என்றால் 200 கிலோ. லிஃப்ட் வராத மூன்றாம் மாடிக்கு அதை ஏற்றுகிற ஆள்கூலியையும் எழுதுங்கள். இந்த மொத்தத்தைக் காட்டினால்தான், வைத்துக்கொள்வதாக இருந்தால் ஓனருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுப்பது என்ற பேச்சு நேர்மையாக நடக்கும்.

கடைக்காரரிடம் பேசச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். சாம்பிள் காட்டி விற்ற சரக்கு சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-வது பிரிவு. அதே சட்டத்தின் 42-வது பிரிவு உங்களுக்கு எதிராகவும் திரும்பும்: நிராகரிக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். "வெட்டி வச்சுட்டீங்களே" என்று அவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் அவருக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேச்சு முறிந்தால் ஓனர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் அவர் வழக்குப் போட்டால் முதல் எதிர்மனுதாரர் பெரும்பாலும் உங்கள் நிறுவனம்தான். முதலாளிக்கு இதை மெதுவாக நினைவுபடுத்துங்கள்.

நஷ்டத்தை உங்கள் சம்பளத்தில் பிடிப்பேன் என்றால்? சேதத்துக்காகப் பிடித்தம் செய்வதற்கு முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்பது ஊதியச் சட்டத்தில் இருப்பது. அன்றைக்கு அனுப்பிய நாலு வரி வாட்ஸ்அப் இங்கே கைகொடுக்கும்.

கிரகப்பிரவேசம் நெருங்கிவிட்டால்

முகூர்த்தம் குறித்த வீட்டில் எல்லாக் கணக்கும் மாறும். பத்திரிகை அடித்தாயிற்று, புதுக் கல் வரப் பத்து நாள் ஆகும், விசேஷம் ஏழாம் நாள். அவசரமாகக் கிடைத்த கல்லை வைத்து இரண்டாவது தப்பைச் செய்பவர்கள்தான் அதிகம். பால் காய்ச்ச ஏதோ ஒரு மேடை போதும். இருக்கிற கல்லை அப்படியே விட்டு, டேடோவின் முதல் வரிசையை மட்டும் ஒட்டாமல், சிங்க்கைத் தற்காலிகமாக மாட்டி விசேஷத்தை நடத்திக்கொள்ளலாம். விசேஷம் முடிந்து சாமான் ஏற்றுவதற்கு முன் மாற்றிவிடுவதாக ஓனரிடம் தேதி போட்டு எழுதிக்கொடுங்கள். குடி வந்த பிறகு கல் வெட்டினால் அரிசி டப்பா முதல் தலையணை வரை தூள்தான்.

எந்த வழி முடிவானாலும் ஒரே பக்கத்தில் எழுதி ஓனர், ஆபீஸ், கடைக்காரர் மூவரும் கையெழுத்துப் போடட்டும்: எந்தக் கல், எந்த லாட் எண், எத்தனை மி.மீ., யார் எவ்வளவு ஏற்பது, எந்தத் தேதி. புதுக் கல்லைக் கடையிலேயே ஓனர் பார்த்து, பலகையின் பின்னால் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வண்டி வரும்போது நீங்கள் நில்லுங்கள். ஆபீஸ் பையனை அனுப்பாதீர்கள். கழற்றிய கல் யாருக்கு என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஜன்னல் அடிக்கட்டைக்கும் பூஜை அலமாரித் தட்டுக்கும் வாஷிங் மெஷின் மேடைக்கும் அது ஆகும்; எழுதாமல் விட்டால் வாரக் கடைசியில் மூன்று பேர் மூன்று வண்டியோடு வந்து நிற்பார்கள்.