கிருமி ஒளிந்திருப்பது அடுப்படியில்

வீட்டில் கிருமி அதிகம் எங்கே என்று கேட்டால் கழிவறையைத்தான் காட்டுவோம். 2011-இல் அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். நிறுவனம் 22 வீடுகளைச் சோதித்தபோது முதலிடம் பிடித்தவை பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் அடுப்படித் துணியும்தான். முக்கால்வாசிக்கும் மேற்பட்டவற்றில் கோலிஃபார்ம் பாக்டீரியா இருந்தது. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. துணியைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இல்லாவிட்டால் பாக்டீரியா பெருகாது. நாற்றமடிக்கும் ஸ்பாஞ்சைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

கோழிக்கறியைக் குழாய்க்கு நேரே பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரில் கிருமி பக்கத்துப் பாத்திரங்களுக்கும் போகும். பாத்திரத்தில் நீர் ஊற்றி அலசுங்கள். கறி வெட்டிய அரிவாள்மணையைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே காய் நறுக்குங்கள்.

அடுப்படியோடு, தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், தொட்டியையும் கட்டாயம் கவனிக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள்.

சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் சேர்க்கவே கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும்.