எபிரேயர் முகத்தலளவையும் நம் மரக்காலும்

சென்ற கோடை விடுமுறையில், எம் ஊர்த் திருச்சபையின் ஓய்வுநாட் பள்ளியிலே ரூத்தின் வரலாற்றைச் சிறுவர்க்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். போவாசின் வயலிற் பகலெல்லாம் பொறுக்கிய கதிரைத் தட்டியபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு மரக்காலளவு வாற்கோதுமை என்றோம். வாயிலருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தம் இளமையெல்லாம் நெற்களத்திற் கழித்தவர், "எந்த மரக்கால், தம்பி? நெல்லை வாங்க ஒரு மரக்கால், எங்களுக்குக் கூலி போட ஒரு மரக்கால் என்று இரண்டு கண்டவள் நான்" என்றார். சிறுவர் நகைத்தனர். யாம் விடையறியாது நின்றோம். அவர் கண்ட இரண்டும், உபாகமம் 25-ஆம் அதிகாரம் விலக்குகின்ற பெரிதும் சிறிதுமான இரண்டு எப்பாக்களே என்பது பின்னர்த்தான் எமக்குப் புலனாயிற்று.

எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது நம் பழைய வாய்பாடு. குறுணி, பதக்கு, தூணி என்பனவும் இதனுள் அடங்கும். திருமறையைத் தமிழிற் பெயர்த்தோர், கற்போர் உள்ளத்தில் எளிதிற் பதியுமாறு எபிரேய அளவைகளுக்கு இப்பெயர்களையே இட்டனர். அதனை யாம் குறைகூறோம். ஆயினும் கணக்கிடப் புகுவார்க்கு இடர் இங்கேதான் தொடங்குகின்றது. ரூத்தின் நூலில் மரக்கால் என நின்றது எப்பா. இரண்டாம் இராஜாக்களின் நூலில், சமாரியாவின் வாயிலில் விற்ற மாவுக்கு மரக்கால் என நின்றதோ சேயா. மூன்று சேயா கொண்டது ஓர் எப்பா. ஒரே சொல்லுக்குள் மும்மடங்கு வேறுபாடு ஒளிந்து கிடக்கின்றது! அன்றியும், எசேக்கியேல் 45-ஆம் அதிகாரத்திற் பத்து மரக்கால் ஒரு கலமாகின்றது; நம் களத்திலோ பன்னிரண்டு.

ஆதலின் தமிழ்ப் பெயரைச் சற்றே மறந்து எபிரேயப் பெயரைப் பற்றுதல் வேண்டும். லோகு என்பதை அடியளவாகக் கொள்க. நான்கு லோகு ஒரு காபு. ஆறு காபு ஒரு சேயா. மூன்று சேயா ஓர் எப்பா. பத்து எப்பா ஒரு ஹோமர். ஹோமருக்குக் கோர் எனவும் பெயருண்டு. ஆகவே எப்பாவுக்கு 72 லோகு, ஹோமருக்கு 720 லோகு. எண்ணெய், திராட்சரசம் முதலியவற்றுக்குப் பன்னிரண்டு லோகு ஒரு ஹின், ஆறு ஹின் ஒரு பாத்து. பாத்தும் எப்பாவும் கொள்ளளவில் ஒன்றே என எசேக்கியேல் கூறுகின்றார்.

மன்னாவை அளந்த ஓமர் மட்டும் இவ்வேணியில் நேராகப் பொருந்துவதில்லை. அஃது எப்பாவிற் பத்திலொன்று என யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் கூறுவதால், 7.2 லோகு என முறிந்து நிற்கும். ஓமர் வேறு, ஹோமர் வேறு. எபிரேயத்தில் இரண்டற்கும் முதலெழுத்தே வேறு. தமிழில் ஹகரத்தை விட்டெழுதினால் இரண்டும் ஒன்றாகி, நூறு மடங்கு பிழை நேரும்.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். சமாரியா முற்றுகையுண்டு பஞ்சத்தில் வாடியபோது, தமிழ்த் திருமறை பயறு என்றும் எபிரேய மூலம் புறாவின் எச்சம் என்றும் கூறும் ஒரு பொருள், காற்காபு ஐந்து வெள்ளிக்கு விற்றது. காற்காபாவது ஒரு லோகு. முற்றுகை நீங்கியதும், எலிசா முன்னுரைத்தவாறே ஒரு சேயா மா ஒரு வெள்ளிக்கு வந்தது. சேயாவுக்கு 24 லோகு. எனவே, முன்னர் 120 வெள்ளி கொடுத்தால்தான் கிடைக்கும் அளவு பின்னர் ஒரே வெள்ளிக்குக் கிடைத்தது. அதுவும் இழிந்த பொருளன்று, நல்ல மா! தமிழ் வாய்பாட்டைப் பின்பற்றி, மரக்காலுக்கு முப்பத்திரண்டு காற்படி எனப் பெருக்கினால் 160 என வரும். யாம் முதலில் அவ்வாறே பெருக்கினோம் என்பதை ஒளிப்பானேன்?

இக்கணக்குக்கு லிட்டர் வேண்டியதில்லை. லிட்டராக்கப் புகுந்தாற்றான் அறிஞர் வேறுபடுவர். முதல் நூற்றாண்டினரான யோசேபஸ், பாத்துக்கு 72 செக்ஸ்டேரியுஸ் என்னும் உரோம அளவு கூறினார்; அஃது ஏறக்குறைய 39 லிட்டராகும். லாகீசிலும் தெல் பெயித் மிர்சிமிலும் பாத்து என்னும் சொல் பொறித்த சாடித் துண்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு ஆல்பிரைட் என்னும் அறிஞர் 22 லிட்டர் என மதித்தார். அரசர் காலத்துச் சாடியே அக்காலத்துக்கு அணுக்கமான சான்றாதலின், யாம் சிறியதையே தழுவினோம். அதன்படி சேயா 7 லிட்டருக்குச் சற்று மேல், எப்பா 22, ஹோமர் 220. படியை ஒன்றரை லிட்டர் எனக் கொண்டால் நம் மரக்கால் 12 லிட்டர். சேயாவுக்குப் பெரிது, எப்பாவுக்குச் சிறிது.

ஆகவே ரூத் அன்று ஈட்டியது 22 லிட்டர் வாற்கோதுமை. எடையில் ஏறக்குறைய 13 கிலோ. ஆனால் அவள் வரலாற்றில் இன்னும் ஓர் அளவு உண்டு. களத்திலே போவாசு அவள் போர்வையில் வாற்கோதுமை அளந்திட்டபோது, எபிரேய மூலம் ஆறு என்று எண்ணை மட்டும் கூறி, அளவையின் பெயரைக் கூறாது விடுகின்றது. தமிழில் ஆறு படி என நிரப்பியுள்ளனர். ஆறு எப்பா எனின் 132 லிட்டர், ஏறக்குறைய 80 கிலோ. ஒரு பெண் தனியே ஊருக்குள் சுமந்து செல்லற்பாலதன்று. ஆறு ஓமர் எனின் 13 லிட்டரே. அவள் தானே பொறுக்கியதினும் குறைவு, கொடையென்று கூறத் தகாது. ஆறு சேயா எனின் 44 லிட்டர், ஏறக்குறைய 27 கிலோ.

விடுமுறை முடியுமுன் அம்மூதாட்டியிடம் இதனைச் சொல்லி, "இருபத்தேழு கிலோவை ஒரு பெண் சுமப்பாளா, பாட்டி?" என்று வினவினோம். "சுமப்பாள், தம்பி. தலையில் ஏற்றிவிடத்தான் ஓர் ஆள் வேண்டும்" என்றார். வீட்டுக்கு வந்து மீண்டும் அவ்வதிகாரத்தைப் புரட்டினோம். போவாசே அதனைத் தூக்கி அவள்மேல் ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தது.