ஒரு மாதிரிக்கு ஒத்த பல துண்டுகள்
பட்டை ரம்பத்திற்கு நாமே செய்துகொள்ளும் வழிகாட்டிக் கை

தறியையும் வண்டியையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு மரவேலை அயலார் தொழில் அன்று. ராட்டையின் சக்கரம் கோணினால் தாரில் நூல் ஒரே இறுக்கமாகச் சுற்றாது. தார் கெட்டால் நாடா ஓடுகையில் இழை அறும். இழை அறுந்தால் அன்றைய கூலி குறையும். வண்டிச் சக்கரத்தில் ஒரு வட்டை அளவு தவறினால் இரும்புப் பட்டை சீராக அமராது. ஆகவே, வளைந்த மரத்துண்டுகளை ஒன்றுபோல் அறுத்தெடுக்கும் முறையை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கைக்கணக்கு ஏன் தவறுகிறது?

60 செ.மீ. குறுக்களவுள்ள ராட்டைச் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் விளிம்பை ஆறு வளைதுண்டுகளால் இணைப்பதாகக் கருதுவோம். ஒவ்வொரு துண்டும் வட்டத்தில் 60 பாகையை அடைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் 1 பாகை மட்டுமே குறைந்ததாக வைத்துக்கொள்வோம். தனித்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அக்குறை கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஆறு துண்டுகளையும் சேர்க்கும்போது 6 பாகை குறைந்து, விளிம்பில் சற்றேறக்குறைய 3 செ.மீ. இடைவெளி விழும். அதை இழுத்துப் பூட்டினால் சக்கரம் வட்டமாக நில்லாது.

எனவே ஆறு துண்டுகளை ஆறு முறை அளந்து கோடிட்டு அறுப்பதைவிட, ஒன்றை முழுக்கவனத்துடன் செய்து, மற்றவற்றை அதற்கு ஒப்ப அறுப்பதே முறையாகும். இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஜக்கார்டு தறிக்கு ஒருமுறை சரியாகக் குத்திய அட்டைகள் எத்தனை சேலைக்கும் ஒரே பூவைத் தருகின்றன அல்லவா? கோயம்புத்தூரின் வார்ப்பாலைகளிலும் இதே முறைதான். பம்பின் உடலை வார்க்குமுன் மாதிரி ஒன்றை மரத்தில் செய்கிறார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்குவதால், மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாக அமைக்கிறார்கள். மாதிரி சரியாயின் அதிலிருந்து பிறக்கும் வார்ப்புகளும் சரியாகும்.

பட்டை ரம்பம்

வளைவுகளை அறுக்க ஏற்ற இயந்திரம் பட்டை ரம்பமாகும். பட்டறைகளில் இதைப் பேண்ட்சா என்பர். முனைகள் இணைக்கப்பட்ட எஃகுப் பட்டை இரு சக்கரங்களின்மீது ஓயாது ஓடுகிறது. இதற்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-இல் காப்புரிமை பெற்றார். எனினும் பட்டையின் முனைகளை அறுந்துவிடாமல் இணைக்கும் வழி அன்று இல்லை. 1846-இல் பிரான்சு நாட்டின் கிரெப்பன் அம்மையார் உறுதியான இணைப்பு முறையைக் கண்ட பின்னரே இது பயனுக்கு வந்தது. நம் பகுதியிலோ, 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது தொழில்களுக்குப் பெருந்துணையாயிற்று.

பட்டையின் அகலத்தைப் பொறுத்தே அது திரும்பக்கூடிய வளைவு அமையும். 6 மி.மீ. பட்டை சுமார் 16 மி.மீ. ஆரமுள்ள வளைவிலும், 10 மி.மீ. பட்டை சுமார் 37 மி.மீ. ஆரத்திலும், 12 மி.மீ. பட்டை சுமார் 63 மி.மீ. ஆரத்திலும் திரும்பும். அதனினும் சிறிய வளைவில் திருப்பினால் பட்டை முறுகி அறுந்துபோகும். நம் சக்கரத்தின் வளைவு பெரிதாகையால் 12 மி.மீ. பட்டையே போதும்.

மாதிரிப் பலகை

12 மி.மீ. தடிப்புள்ள பிளைவுட் பலகையில் 30 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டவில்லும், அதே மையத்திலிருந்து 26 செ.மீ. ஆரத்தில் மற்றொன்றும் வரைக. கவராயத்தின் விரிவை 30 செ.மீட்டரிலேயே வைத்து வெளிவில்லில் இரு புள்ளிகள் குறித்தால், அவற்றின் இடைவெளி ஆறில் ஒரு பாகமாகும். அப்புள்ளிகளிலிருந்து மையத்திற்குக் கோடிழுத்தால் துண்டின் இரு முனைகளும் கிடைக்கும். இவ்வாறு வரும் துண்டு 4 செ.மீ. அகலமும், நுனிக்கு நுனி 30 செ.மீ. நீளமும் உடையது. வளைவையும் சேர்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் 7.5 செ.மீ. அகலமுள்ள மரம் தேவைப்படும். ஓரம் விட்டு 9 செ.மீ. எடுப்பது நன்று. மரத்தின் ரேகை துண்டின் நீளவாக்கில் ஓடவேண்டும்.

பலகையை அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடுவரை தேய்த்தபின், கட்டாயம் ஒரு சோதனை செய்க. பெரிய தாளில் அதே வட்டத்தை வரைந்து, மாதிரியை அதன்மேல் ஒன்றையடுத்து ஒன்றாக ஆறு முறை வைத்துக் கோடிடுக. ஆறாவது முனை முதல் கோட்டில் பொருந்தவேண்டும். சிறு பிழையும் இங்கே ஆறு மடங்காகப் பெருகிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொருந்தாத மாதிரியைக் கொண்டு ஒரு துண்டு மரத்தையும் அறுக்கலாகாது.

வழிகாட்டிக் கை

இதற்கு இரண்டு மரங்களே வேண்டும். ஒன்று அடிக்கட்டை, மற்றொன்று அதன்மேல் திருகாணியால் பூட்டப்பட்டு ரம்பத்தை நோக்கி நீளும் கை.

அறுக்கவிருக்கும் மரம் 25 மி.மீ. தடிப்பாயின் அடிக்கட்டை 28 மி.மீ. உயரம் இருக்கட்டும். அதாவது தச்சர் கணக்கில் ஒரு நூல் அளவு கூடுதல். அப்போது கழிவுத்துண்டு கையின் அடியில் தடையின்றிச் செல்லும். மரத்தின் மேல் ஒட்டிய மாதிரிப் பலகை மட்டும் கையின் முனையில் உராயும்.

கை உறுதியான மரத்தில் 20 செ.மீ. நீளமும், 5 செ.மீ. அகலமும், 12 மி.மீ. தடிப்பும் கொண்டதாக இருக்கலாம். அதன் முனையை வெளிநோக்கி வளைவாகத் தேய்க்கவேண்டும். முனை நேராக இருப்பின் உள்வளைவில் அதன் மூலைகள் முட்டும். வளைவின் உச்சி ரம்பப் பற்களைச் சற்றே முந்தி அமையட்டும். உச்சியை அடுத்து, பட்டை தங்குவதற்கு 14 மி.மீ. நீளமும் 2 முதல் 2.5 மி.மீ. வரை ஆழமுமான பள்ளம் ஒன்று வெட்டுக. பட்டையின் வெளிப்பக்கம் கையின் உச்சிக்கு 1 மி.மீ. உள்ளடங்கி நிற்கவேண்டும். இந்த 1 மி.மீ. இடைவெளியால் ரம்பம் மாதிரியைத் தொடாது. அறுபடும் துண்டும் மாதிரியைவிட 1 மி.மீ. பெரிதாக வரும்.

இயந்திரத்தை நிறுத்தி, ரம்பமேசை பட்டைக்குச் செங்குத்தாக உள்ளதா என்று மூலைமட்டத்தால் பார்த்தபின், இயந்திரத் தூணின் பக்கமிருந்து கையை நீட்டி, அடிக்கட்டையை இரு கிளாம்புகளால் மேசையோடு இறுக்குக. பட்டை பள்ளத்தின் எப்பக்கமும் உராயாமல் சுழல்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொள்க.

அறுக்கும் முறை

முதலில் மாதிரியை மரத்தின்மேல் வைத்துக் கோடிட்டு, கோட்டுக்கு வெளியே 6 முதல் 8 மி.மீ. விட்டுக் கழிவை அறுத்து நீக்குக. பின்னர் இருபுறமும் ஒட்டும் டேப்பால் மாதிரியை மரத்தோடு பொருத்துக. சிறு ஆணிகளை அடிப்பதாயின் அவை ரம்பத்தின் வழியில் வராதிருக்கவேண்டும்.

மாதிரியின் ஓரத்தை முனையோடு மென்மையாக அழுத்தி, மெதுவாகத் தள்ளுக. உராயும் இடத்தில் மாதிரியின் ஓரம் எப்போதும் பட்டையின் போக்கிற்கு நேராக இருக்கும்படி மரத்தைத் திருப்பிக்கொண்டே செல்லவேண்டும். இதுவே பழக வேண்டிய நுட்பம். மூலையில் திருப்ப முயலாமல், ஒவ்வொரு ஓரத்தையும் தனி அறுப்பாக முடிக்கவேண்டும். எஞ்சிய 1 மி.மீட்டரை மாதிரி ஒட்டியிருக்கும்போதே அரத்தால் தேய்த்து, மாதிரியோடு சமமாக்கியபின் பிரித்தெடுக்கவேண்டும்.

காப்பு

நெசவாளரின் விரலுக்கு மாற்று இல்லை. பழக்கமுள்ளவர் அருகிருக்கவே முதலில் அறுத்துப் பழகவேண்டும். மேல்காப்பை மாதிரிக்குச் சற்று மேலே மட்டும் நிற்குமாறு இறக்கிவிடுக. விரல்கள் ரம்பத்திற்கு 75 மி.மீ. அப்பாலேயே இருக்கட்டும், அருகில் தள்ள வேண்டியிருந்தால் குச்சியால் தள்ளுக. தோளில் துண்டும், தொங்கும் முந்தானையும், கையுறையும் ஆகா. கண்ணுக்குக் கண்ணாடி அணிக. பாதியில் பின்வாங்க நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திய பிறகே மரத்தை இழுக்கவேண்டும். ஓடும்போது இழுத்தால் பட்டை சக்கரத்தைவிட்டு நழுவும்.

சங்கத்தின் பணி

இம்முறையின் பயன் ஒருவர் வீட்டோடு நின்றுவிடலாகாது. சோதித்துத் தேறிய மாதிரிப் பலகை ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், ஆரம், துண்டுகளின் எண்ணிக்கை, மரத்தடிப்பு ஆகியவற்றை எழுதிச் சங்க அலுவலகத்தில் தொங்கவிடலாம். ராட்டைக்கு ஒன்று, வண்டி வட்டைக்கு ஒன்று, கோடாரிக் காம்புக்கு ஒன்று எனப் பத்து மாதிரிகள் சேர்ந்தால், எந்த அங்கத்தினரும் அளவெடுக்கும் சிரமமின்றித் தம் துண்டை அறுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் முறிந்த வட்டைக்கு மற்றொரு வீட்டில் அறுத்த வட்டை பொருந்தும் நிலை வந்துவிட்டால், பழுதான சக்கரம் தச்சரை எதிர்பார்த்துக் கிடக்கும் நாட்கள் குறையும். கூட்டுறவினால் வரக்கூடிய நன்மைகளுள் இதுவும் ஒன்றென நாம் கருதுகிறோம்.