ஆங்கிலத் தேர்வு: கேட்டதற்குப் பதில்

 

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. தேர்ச்சிக்கு 35 வேண்டும். நம் கோட்டக்குப்பத்துப் பிள்ளைகளே, நோட்ஸை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. கேள்வியையும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ பாடத்தில், பறக்கப் பயந்த கடற்பறவைக் குஞ்சு, தாய் மீனோடு எதிரே வந்ததும் பாய்கிறது. “ஏன் பாய்ந்தது?” என்று கேட்டால் பசியையும் மீனையும் எழுதினால் போதும். முழுக்கதை எழுதினால் நேரம்தான் வீணாகும்.

‘ஒய்’ காரணம் கேட்கிறது; ‘ஹவ்’ விதம் கேட்கிறது. கேள்வியில் ‘டிட்’ இருந்தால் விடை இறந்தகாலத்தில் அமையட்டும்.

பாடத்தில் இல்லாத பத்தி வந்தால் அஞ்ச வேண்டாம். முதலில் கேள்விகளைப் படியுங்கள். பிறகு பத்தியில் விடை உள்ள வரியைத் தேடுங்கள். அந்த வரியில் ‘ஹி’, ‘ஷி’ என்றிருந்தால், அது யார் என்று முந்தைய வரியில் பார்த்துப் பெயரை எழுதுங்கள்.

கவிதையில் ‘லைக்’, ‘அஸ்’ கொண்டு ஒப்பிட்டால் சிமிலி. அவையின்றி ஒன்றை மற்றொன்றாகவே சொன்னால் மெட்டஃபர்.

பெற்றோர்களே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது? தமிழில் சொல்” என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தால், இன்ஷா அல்லாஹ், பாதி விடை கையில் வந்துவிட்டது.